ஆயுத பூஜைக்குத் துடைத்தார்கள், மறுநாளிலிருந்து இரைச்சல்: ஒரு கணினியின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் கணினி பழுது பார்ப்பவர்களுக்கு ஆயுத பூஜை முடிந்த வாரம் மூச்சு விட நேரம் இருக்காது. பனியன் கம்பெனிகளில் பூஜைக்கு முந்தின நாள் தையல் மெஷினில் இருந்து எடைத் தராசு வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ஆபீஸ் கணினிக்கும் அதே மரியாதை உண்டு. வருஷம் பூராவும் யாரும் கை வைக்காத பெட்டியை அன்றைக்குத்தான் திறக்கிறார்கள். விடுமுறை முடிந்து கம்பெனி திறந்ததும் போன் வரும்: "ஏனுங்க, நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துச்சு. தொடைச்சதுல இருந்து ஒரே சத்தமுங்க."

அப்படி வந்த ஒரு அழைப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் கணினிக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை நான் பாதி வேலையை மட்டும் முடித்துவிட்டு, முழுசும் முடிந்ததாக நினைத்துக் கிளம்பிவிட்டேன். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் ஒரே நேரத்தில் மூன்று தனித்தனிச் சத்தங்கள் இருந்தன. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. "ஃபேன் சத்தம்" என்று ஒரே பெயர் வைத்து ஒரே மருந்து கொடுக்கப் போனதுதான் என் தவறு.

கம்பெனியும் கணினியும்

சுமார் நாற்பது ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் ஓடும் கம்பெனி அது. தையல் ஹாலுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு, மேலே திறந்தபடி. துணி வெட்டும்போதும் தைக்கும்போதும் பறக்கும் பஞ்சு அந்தத் தடுப்பைத் தாண்டி வந்து மெதுவாகத் தரையில் இறங்கும். கணினி இருந்ததும் தரையில்தான், கணக்கு எழுதும் அக்காவின் கால்மாட்டில்.

அசெம்பிள் செய்த பெட்டி. நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம். விண்டோஸ், சுற்றும் பாகமே இல்லாத ஒரு எஸ்எஸ்டியில் இருந்தது. பழைய பில்கள், பேக்கிங் லிஸ்டுகள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஆக, உள்ளே சுற்றுகிறவை நான்குதான்: ப்ராசஸர் மேல் இருக்கும் ஃபேன், கேபினெட்டின் பின்பக்க ஃபேன், கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் ஃபேன், அப்புறம் ஹார்ட் டிஸ்க். சத்தம் என்று போனால் முதலில் இந்தக் கணக்கை எடுத்துவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கையும் சுற்றுகிற பொருளாகச் சேர்த்துக்கொள்வது முக்கியம், பலருக்கு அது நினைவுக்கே வராது.

முதல் நாள்

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காலையில போட்டதும் கரகரங்குது தம்பி. அப்புறம் கொஞ்ச நேரத்துல மாவு மில்லு மாதிரி ஆயிருது. எக்செல் தொறக்கறதுக்கும் நேரமாகுது."

பழுது முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது. நான் முதல் வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பெட்டியை மேஜை மேல் தூக்கி வைத்து, பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுப் போட்டேன். காய்ந்துபோன சைக்கிள் பெடல் மாதிரி, "கர கர கர" என்று பின்பக்க ஃபேனிலிருந்து சத்தம். அந்த ஃபேன்தானா என்று உறுதி செய்ய ஒரு சின்ன வழி இருக்கிறது. இறக்கையின் நுனியில் அல்ல, நடுவில் சுழலும் குமிழ் மேல் ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியை மெதுவாக வைத்து, இரண்டு விநாடி ஃபேனை நிறுத்துவது. நின்றதும் சத்தமும் நின்றால் அதுதான் ஆள். வைத்தேன், சத்தம் நின்றது. எடுத்தேன், மறுபடியும் கரகர.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நாலு ஸ்க்ரூவையும் எடுத்து ஃபேனை வெளியே எடுத்தேன். விரலால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றில் நின்றது. நல்ல ஃபேன் என்றால் மெதுவாக வேகம் குறைந்து, நிற்கப் போகும்போது லேசாக முன்னும் பின்னும் ஆடிவிட்டு நிற்கும். பின்பக்க ஸ்டிக்கரை உரித்தேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் மூடி, அதற்குக் கீழே தண்டின் முனை. எண்ணெய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கறுப்பாகக் காய்ந்த பிசுக்கு, அதில் இரண்டு மூன்று பஞ்சு இழைகள் சுற்றியிருந்தன.

எண்ணெய்க்கு நான் அலையவில்லை. தையல் ஹாலில் இருந்த ஒரு டெய்லர் அண்ணனிடம் மெஷின் எண்ணெய் வாங்கி இரண்டு சொட்டு விட்டேன். இந்த மாதிரி, குண்டுகள் இல்லாமல் சின்னக் குழாய்க்குள் தண்டு சுற்றும் ஸ்லீவ் பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் மிகவும் பொருத்தமானது. இலேசானது, சீக்கிரம் பிசினாக மாறாது. சிலர் தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் ஃபேன் சுற்ற மறுக்கும், கொஞ்ச மாதத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். துரு விட வைக்க அடிக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது மிச்சமிருக்கும் எண்ணெயைக் கரைத்துவிட்டு, தானும் சீக்கிரம் காய்ந்துவிடும். பால் பேரிங் ஃபேன் என்றால் இந்தச் சொட்டு வைத்தியமே செல்லாது. அதில் கரகரப்பு வந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி.

சரி, எண்ணெய் விட்டு ஃபேனை மாட்டிப் போட்டேன். கரகரப்பு போய்விட்டது. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தேன், அமைதியாக இருந்தது. தகட்டை மூடிக் கிளம்பினேன். வெப்பநிலையைப் பார்க்கவில்லை. அக்கா சொன்ன "கொஞ்ச நேரத்துல" என்பது அஞ்சு நிமிஷத்துக்கு மேல் என்று தோன்றவில்லை.

இரண்டாம் நாள்

மறுநாள் மதியம் போன். "காலையில நல்லா இருந்துச்சு தம்பி. இப்ப மறுபடியும் மில்லு ஓடுது."

வழியெல்லாம் அந்த "மில்லு" என்கிற சொல்லைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். கரகரப்புக்கும் மில்லுக்கும் சம்பந்தமே இல்லை. பேரிங் காய்ந்தால் வரும் சத்தம் குளிர்ந்த நிலையில், போட்டவுடனே இருக்கும். ஓட ஓடச் சூட்டில் எண்ணெய் இளகிச் சில நேரம் குறையவும் செய்யும். மில்லுச் சத்தமோ போட்டுப் பத்து நிமிஷம் கழித்து ஏறுகிறது. சூடு ஏற ஏறச் சத்தம் ஏறுகிறது என்றால் ஃபேன் பழுதாகவில்லை, அதை யாரோ வேகமாக ஓடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் அந்தக் கம்பெனியிலேயே கிடைத்த ஒரு பொருள் எனக்கு உதவியது. நூல் சுற்றி வரும் காகிதக் கோன். காலிக் கோனின் அகன்ற பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு, கூரான முனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமாகக் கொண்டுபோனால் மற்றச் சத்தமெல்லாம் அடங்கி அந்த ஒன்று மட்டும் கேட்கும். மெக்கானிக்குகள் ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து என்ஜினைக் கேட்பார்களே, அதே மாதிரி. எஸ்எம்பிஎஸ் பக்கம் வைத்தேன், மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். பின்பக்க ஃபேன், பரவாயில்லை. ப்ராசஸர் ஃபேன் மேல் கொண்டுபோனதும் காதே அடைத்தது.

வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டேலி என்ற கணக்கு மென்பொருளை மட்டும் திறந்து, யாரும் எதையும் தொடாமல் இருக்கும்போதே ப்ராசஸர் 72 டிகிரி. ஃபேன் நிமிஷத்துக்கு 2,850 சுற்று. ஒரு பெரிய எக்செல் பைலைத் திறந்தேன், 95ஐத் தாண்டியது. இந்த வகை ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்செல் திறக்க நேரமாகிறது என்று அக்கா முதல் நாளே சொன்னது இதைத்தான். நான் அதை வேறு ஏதோ சாப்ட்வேர் பிரச்சினை என்று ஒதுக்கியிருந்தேன்.

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் புது ஃபேன் வாங்கி மாட்டுவார்கள். அந்தப் பணம் வீண். 4 பின் ஃபேன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். முதல் பின் கிரவுண்ட், இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வழியாக ஃபேன் தன் வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்கிறது, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம். நான்காவது வழியாக மதர்போர்டு ஃபேனுக்குக் கட்டளை கொடுக்கிறது, 25 கிலோஹெர்ட்ஸில் விட்டு விட்டு வரும் சிக்னலாக. ப்ராசஸர் சூடானால் கட்டளை கூடும், ஃபேன் வேகமாகும். இங்கே ஃபேன் சொன்ன சொல்லைக் கேட்டு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு சூடு ஏன் என்பதுதான்.

பஞ்சு அடைத்திருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ராசஸரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் ஒரு இழைகூட இல்லை, புதுசு மாதிரிப் பளபளவென்று இருந்தது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. பருத்திப் பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி உதிராது. இழைகள் ஒன்றோடொன்று பின்னி, ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் வட்டமாக ஒரு அடை மாதிரிப் படியும். மேலேயிருந்து எவ்வளவு காற்று அடித்தாலும் அது முழுசாக வராது, உள்ளே இன்னும் அழுந்தும். கையால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். உரிக்க வேண்டுமானால் கூலரை, அதாவது ஃபேனும் ஹீட்சிங்க்கும் சேர்ந்த பாகத்தை, கழற்றியிருக்க வேண்டும்.

துடைத்த பையன் பேக்கிங் பக்கம் நின்றிருந்தான். முதலாளி அவனைப் பார்த்து, "எதையாவது கழட்டினியாடா?" என்று கேட்டார். "இல்லீங்ண்ணா, வெறும் காத்து மட்டும்தானுங்க அடிச்சேன்" என்றான். முகம் சரியில்லை. டீ வந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, உள்ளாற அவ்வளவு சுத்தமா இருக்குது. இந்த மாதிரி நான்கூட சுத்தம் பண்ணினதில்ல. எப்படி எடுத்தே?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான், நாலு மூலையிலும் கறுப்பாக இருந்த பிளாஸ்டிக் தலைகளைத் திருப்பிக் கழற்றி, அடையை உரித்துவிட்டு, மறுபடியும் அமுக்கி மாட்டினானாம். யூடியூப்பில் பார்த்துச் செய்திருக்கிறான்.

அவன் செய்ததில் தொண்ணூறு சதவீதம் சரி. தவறியது ஒரே ஒரு பின். வட்டமான இந்தக் கூலரில் நாலு புஷ் பின் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் திருப்பினால் விடுபடும். மறுபடி மாட்டுவதற்கு முன்னால் நாலையும் பழைய நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் "டொக்" என்று உட்காருவது கையில் தெரியும். இவன் மூன்றைத் திருப்பி வைத்திருக்கிறான். கேபிள் மறைத்துக்கொண்டிருந்த நாலாவது, விடுபட்ட நிலையிலேயே இருந்திருக்கிறது. அமுக்கும்போது நின்றது போலத் தெரிந்திருக்கும், சூட்டிலும் அதிர்விலும் மெல்ல மேலே எழும்பிவிட்டது. மதர்போர்டின் பின்புறம் பார்த்தேன். மூன்று மூலையில் வெள்ளைக் கால்கள் விரிந்து நடுவில் கறுப்புக் குச்சி முழுசாக வந்திருந்தது. நாலாவதில் கால்கள் பாதி விரிந்த நிலையில், குச்சி இல்லை.

ஒரு மூலை தூக்கினால் ஹீட்சிங்க் சாய்ந்து, ப்ராசஸரின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும். போதாததற்கு, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய பேஸ்ட், கழற்றும்போது காய்ந்த சுண்ணாம்பு போலப் பெயர்ந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்டியிருந்தது. அதன் மேலேயே மறுபடி அமர்த்தியிருக்கிறான். கூலரைத் தூக்கினால் பேஸ்ட்டை மாற்றியே ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. பழைய பேஸ்ட்டுக்குள் காற்றுக்குமிழிகள் புகுந்துவிடும், காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது.

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு பக்கமும் பழைய பேஸ்ட்டைத் துடைத்தெடுத்தேன். வேஸ்ட் துணிக்கா அந்தக் கம்பெனியில் பஞ்சம்? நார் உதிராத துண்டாகத் தேடுவதுதான் வேலையாக இருந்தது. ப்ராசஸரின் நடுவில் துவரம் பருப்பு அளவுக்குப் புதுப் பேஸ்ட். கையால் பரப்பவில்லை, அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும். நாலு பின்னையும் அந்தப் பையனையே அழுத்தச் சொன்னேன். "டொக்" என்ற சத்தம் நாலு தடவையும் கேட்டது. நாலாவது உட்கார்ந்ததும் அவனே பெட்டியைச் சாய்த்துப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டான்.

இந்தத் தடவை அரை மணி நேரம் உட்கார்ந்தேன். சும்மா இருக்கும்போது 42 டிகிரி, ஃபேன் 1,150 சுற்று. அதே எக்செல் பைலைத் திறந்து, கூடவே பிரவுசரையும் ஓடவிட்டபோது 67. மில்லுச் சத்தம் முற்றிலும் போய்விட்டது. ஃபேனின் வேகத்துக்கும் சத்தத்துக்கும் இருக்கும் உறவு நாம் நினைப்பதைவிடச் செங்குத்தானது. ஒரே ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். 2,850 சுற்றிலிருந்து 1,150க்கு இறங்கும்போது ஏறக்குறைய 20 டெசிபல் குறைகிறது, காதுக்குக் கிட்டத்தட்டக் கால் பங்குச் சத்தம். சத்தத்தின் தன்மையும் மாறும். ஏழு இறக்கை ஃபேன் 2,850 சுற்றில் ஓடும்போது இறக்கைகள் விநாடிக்கு 332 தடவை காற்றை வெட்டுகின்றன, அதுதான் அந்த ஊளை. 1,150இல் அது 134ஆக இறங்கி, காதைக் குத்தாத முனகலாகிவிடும்.

அதே வாரத்தில் வேறு ஒரு கம்பெனியில் துடைத்த பிறகு ஃபேன் முழு வேகத்தில் ஓடிய கணினிக்குக் காரணம் இன்னும் எளிது. ஃபேன் வயரைப் பிடுங்கி, திரும்ப மாட்டும்போது ப்ராசஸர் ஃபேனுக்கான இடத்தை விட்டுப் பக்கத்து இடத்தில் செருகியிருந்தார்கள். போட்டதும் "சிபியு ஃபேன் எரர்" என்று திரையில் வந்தது, அவர்கள் எஃப்1 அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் வயர் இறக்கையில் உரசியது. அதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஏழு இறக்கையும் மாறி மாறி வயரை அடிப்பதால் தட்டுகிற சத்தமாகக் கேட்காது, சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகிய மாதிரி "டர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டு வரும்.

மூன்றாவது தடவை

அடுத்த சனிக்கிழமை நானாகவே போனேன். எண்ணெய் விட்ட ஃபேன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நினைத்த மாதிரியே மெலிசாகக் கரகரப்பு திரும்பியிருந்தது. ஃபேனை எடுத்து, நடுக் குமிழைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தேன். ஆடியது. தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் ஸ்லீவுக்கும் நடுவே தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது. அப்படி ஆகிவிட்டால் எண்ணெய் சில நாளைக்குத்தான் தாங்கும்.

திடீரென்று ஏன் தேய்ந்தது? பூஜைக்கு முன்னால் வரை சத்தமே இல்லை என்று அக்கா உறுதியாகச் சொன்னார். காரணம் கம்ப்ரசர். தையல் மெஷின்களின் நூல் வெட்டும் பகுதிகளுக்குக் காற்று கொடுக்க நிறையக் கம்பெனிகளில் கம்ப்ரசர் உண்டு, அழுத்தம் சுமார் 6 பார். மெஷின் மேல் படிந்த பஞ்சை ஊதவும் அந்தக் கம்ப்ரசரில் மாட்டிய ஏர் கன்னைத்தான் எடுப்பார்கள். அந்தக் கன்னை ஃபேனுக்கு நேராகப் பிடித்தால் அது விசில் அடிக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும், பையன்கள் அதற்காகவே இரண்டு தடவை அடிப்பார்கள். அந்த விசில், ஃபேன் தன் அளவை மீறிச் சுற்றுகிறது என்பதற்கான கூச்சல். அது தாங்கும் வேகம் நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று. காற்று அதை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றிவிடும். ஸ்லீவ் பேரிங்கில் தண்டைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம்தான். எண்ணெய் ஊறிய வெண்கலப் பொடியை அழுத்திச் செய்த சின்னக் குழாய்க்குள் தண்டு சுற்றுகிறது. அந்த வேகத்தில் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தோடு உரசும். காற்று பஞ்சு இழைகளையும் உள்ளே தள்ளும். முதல் நாள் நான் பார்த்த கறுப்புப் பிசுக்கும் இழைகளும் அப்படி வந்தவைதான் என்று நம்புகிறேன்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபேனுக்குள் காந்தமும் சுருளும் இருக்கின்றன. வெளியிலிருந்து யாராவது வேகமாகச் சுற்றிவிட்டால் மோட்டார் டைனமோவாக மாறி, வயர் வழியாக மதர்போர்டுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். இந்தக் கணினி அதிலிருந்து தப்பித்தது. அந்த ஃபேன் மதர்போர்டில் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் வயரிலேயே நேராக மாட்டியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி நேராக மாட்டியிருந்ததற்கு வேறொரு விலை இருந்தது. எப்போதும் முழு 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். சில நூறு ரூபாயில் புது 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி, மதர்போர்டில் சிஸ்டம் ஃபேனுக்கான இடத்தில் மாட்டினேன். பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், அந்த ஃபேனுக்கான கட்டுப்பாட்டையும் சரி பார்த்தேன். 3 பின் ஃபேனை மாட்டிவிட்டு, பயாஸில் 4 பின்னுக்கான முறையை விட்டுவைத்தால் ஃபேன் கட்டளையைக் கேட்காமல் முழு வேகத்திலேயே ஓடும். புது ஃபேன் மாட்டியும் சத்தம் குறையவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பெட்டியைப் போட்டேன். கரகரப்பு இல்லை, மில்லு இல்லை. அந்த அமைதியில்தான் மூன்றாவது சத்தம் வெளியே வந்தது. "ம்ம்ம்ம்" என்று ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரு ரீங்காரம். கோனை வைத்துத் தேடினேன், மூன்று ஃபேன்களிலும் இல்லை. பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நின்றது, எடுத்தால் வந்தது. தகட்டைத் தொட்டபடியே யோசித்தேன். ஃபேன்கள் சூட்டுக்குத் தகுந்தபடி வேகம் மாறும், அவற்றின் சுருதியும் மாறும். சுருதி மாறாமல் ஒரே சீராக இருக்கிறது என்றால் ஒரே வேகத்தில் சுற்றும் பொருளாக இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்! நிமிஷத்துக்கு 7,200 சுற்று, விநாடிக்குச் சரியாக 120. அந்த ரீங்காரத்தின் சுருதியும் ஏறக்குறைய அதுதான்.

முன்பக்கம் பார்த்தால், நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய டிஸ்க்கில் இரண்டுதான் இருந்தன, இரண்டும் ஒரே பக்கம். துடைப்பதற்காகக் கழற்றியிருக்கிறார்கள். மிச்சம் இரண்டும் பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் எங்கோ உருண்டு போயிருக்க வேண்டும். டிஸ்க் ஒரு பக்கம் தொங்கலாக ஆடி, அந்த ஆட்டத்தைக் கேபினெட்டுக்குக் கொடுக்க, மெல்லிய தகடு அதைப் பெருக்கிக் காட்டியது. என் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். ரீங்காரம் நின்றது. முதல் நாளிலிருந்தே இந்தச் சத்தம் இருந்திருக்கிறது. மற்ற இரண்டும் இதை மறைத்துக்கொண்டிருந்தன.

அடுத்த முறை துடைப்பதற்கு

அந்தப் பையனோடு உட்கார்ந்து ஒரு முறையைப் பேசிக்கொண்டோம். காற்றடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பருத்திப் பஞ்சு இருக்கிற இடத்தில் காற்றில்லாமல் முடியாது. ஆனால் ரெகுலேட்டரைத் திருகி 2 பாருக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் கம்ப்ரசர் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றோடு தண்ணீர்த் துளியும் மதர்போர்டில் தெறிக்கும். கன்னை ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபேனையும் ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், எஸ்எம்பிஎஸ் ஃபேனுக்கு மட்டும் கம்பிவலை வழியாக ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து நிறுத்தலாம். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இறக்கைகளைத் துடைத்தால் எல்லா இறக்கையையும் துடைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். ஐந்து இறக்கையில் பஞ்சு போய் இரண்டில் மட்டும் ஒட்டியிருந்தால் ஃபேன் எடை ஒரு பக்கம் சாய்ந்து அதிரும். துடைத்த பிறகு புதுசாக அதிர்வு வந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அடை மறுபடி படிந்தால் கூலரைக் கழற்ற வேண்டாம், என்னைக் கூப்பிட்டால் போதும் என்றேன். "நானே கழட்டி மாட்டிருவேனுங்ண்ணா, பேஸ்ட் மட்டும் வாங்கிக் குடுங்க" என்றான். ஒரு டியூப் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து, மேஜைக்குப் பக்கத்தில் ஓர் அடி உயர ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னேன். பஞ்சு கடைசியில் தரைக்குத்தான் வருகிறது, அங்கிருந்துதான் முன்பக்க ஓட்டை வழியாக உள்ளே இழுபடுகிறது. பனியன் துணியில் அக்கா தைத்துப் போட்டிருந்த உறையையும், கணினி ஓடும்போது கழற்றிவிடச் சொன்னேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பூ வேலைப்பாடு போட்டு அழகாகத் தைத்திருந்தார். அணைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்.

தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து அந்தப் பக்கம் போனபோது ஒரு எட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 44 டிகிரி, ப்ராசஸர் ஃபேன் 1,200 சுற்று. டார்ச் அடித்துப் பார்த்ததில் ஹீட்சிங்க்கின் மேல் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தது, அடையாக இன்னும் கட்டவில்லை. ஆயுத பூஜை வரை காத்திருக்க வேண்டாம், சித்திரையில் ஒரு தடவை ஊதிவிடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். காலண்டரைப் புரட்டி, சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் "கம்ப்யூட்டர்" என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார்.